கேபின் இறக்கும் நாள்

காலையில் ஷட்டரைத் தூக்கியபோது பழைய வண்டியின் கேபின் இடப்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் டிங்கரக்கா ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பட்டறையைப் பூட்டியிருந்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது. நான்கு மூலைக்கும் நான்கு பெல்ட், நான்கும் மேலே ஒரே கொக்கியில், கொக்கி பாரம் தூக்குகிற செயின் பிளாக்கில், செயின் பிளாக் கூரையின் இரும்பு உத்திரத்தில். இருபது வருஷமாக நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிற கை அவளுடையது. அவள் கட்டிய கட்டு ராத்திரியில் நழுவியதாகச் சரித்திரமே கிடையாது. அதோடு, சாய்வதற்கு அந்தக் கேபினுக்குள் என்ன இருக்கிறது? சீட் இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை, ஸ்டீயரிங்கூட இல்லை. பிரைமர் அடித்துச் சாம்பல் பூத்த வெறும் தகரக்கூடு.

"பெல்ட் இழுத்துக்கிச்சோ என்னவோ," என்றார் அவள் கணவர். ஊருக்கே அவர் பெயின்டர். அவளுக்கும் பாதி நேரம் அப்படித்தான்.

"புது பெல்ட்டுங்க."

"புதுசுதான் இழுக்கும்."

அவள் இடப்பக்கப் பெல்ட்டைக் கொஞ்சம் குறைத்துக் கட்டினாள். குமிழி நடுவுக்கு வந்தது. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் அலமாரியிலிருந்து ஸ்பானரை எடுத்தாள். முதுகுக்குப் பின்னால் பெல்ட் மெல்ல முனகுகிற சத்தம் கேட்டது. கனமான ஆள் கட்டிலில் புரண்டு படுத்தால் வருமே, அந்தச் சத்தம். திரும்பினாள். இப்போது வலப்பக்கம் தாழ்ந்திருந்தது.

ஸ்பானரைக் கையில் பிடித்தபடி ஒவ்வோர் அடியாக வைத்துக் கேபினின் பின்பக்கம் போனாள். பின்பக்கம் தாழ்ந்தது.

அவள் எந்தப் பக்கம் நின்றாளோ, அந்தப் பக்கம். உள்ளே இருக்கிற யாரோ எழுந்து அந்தப் பக்கம் வந்து அவளை எட்டிப் பார்ப்பதுபோல.

"நீங்க கிளம்புங்க," என்றாள் கணவரிடம். "கலர் கலக்கிட்டு வரவே சாயங்காலம் ஆயிடும்."

"கேபின் இறக்க ஆள் வேணாமா?"

"டாக்டர் வர்றாரு. போல்ட் பிடிக்க அவரு போதும்."

பெயின்டர் சிரித்தார். "டாக்டரை எடுபிடி ஆக்கிட்டியே, பலே ஆளுதான் நீ." மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறையும்வரை அவள் கேபினைப் பார்க்காமல் நின்றாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பகல் பதினோரு மணிக்கே பட்டறைக்குள் விளக்கு போடவேண்டியிருந்தது.

அது அறுபது வருஷத்துப் பழைய பிக்கப் வண்டி. உருண்டை மூக்கு, துருத்திய இரண்டு விளக்குகள். ஓய்வுபெற்ற ஒரு டாக்டருடையது. அவருடைய அப்பா வாங்கியதாம். வீட்டுக் கொட்டகையில் ஒன்பது வருஷமாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்ததை இரண்டு மாதத்துக்கு முன் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "பழைய கேபினுக்கு உன்னை விட்டா ஆள் இல்லேன்னாங்கம்மா," என்றார் மரியாதையாக. அவளுக்கும் அந்த வண்டியைப் பார்த்ததும் கை ஊறியது. கேபினைக் கழற்றி, பழைய பெயின்ட்டைச் சுரண்டி, துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து, பட்டி பார்த்து, தேய்த்து, ஒரு பிள்ளையை வளர்ப்பதுபோலத்தான் பார்த்துக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்பு வரைக்கும்.

அந்தக் காலத்து வண்டிகளில் முன்கண்ணாடிக்குக் கீழே, காற்று உள்ளே வருவதற்கென்று சின்னதாக ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்து உள்ளேயிருந்த குப்பையைக் கம்பி விட்டு இழுத்தாள். மக்கிய இலை வந்தது, எலி கட்டிய பஞ்சு வந்தது, அப்புறம் ஒரு மூக்குக்கண்ணாடியின் பாதி வந்தது. ஒரு வட்டம், ஒரு காது. காதும் வட்டமும் சேருகிற இடத்தில், கீல் உடைந்த இடத்தில், பித்தளைப் பற்று ஒரு சொட்டு.

தன் கையெழுத்து யாருக்காவது அடையாளம் தெரியாமல் போகுமா? அந்தச் சொட்டு அவள் வைத்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் தங்கைக்குப் பத்தொன்பது வயது. தடிமனான கண்ணாடி போட்டால் கண் இரண்டும் பெரிதாகத் தெரியும் என்பதால் வீட்டில் எல்லாருக்கும் அவள் பூச்சி. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது அக்காவா அலமாரியா என்று தெரியாது, மூக்கோடு மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டே வந்து, கண்ணை இடுக்கி, "ஓ, நீயா!" என்பாள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை வாரியது, சோறு போட்டது, உடைந்த கண்ணாடிக்குப் பற்று வைத்தது எல்லாம் அக்காதான். "இப்போதைக்குத் தாங்கும்டி, அடுத்த வாரம் புதுசு போட்டுக்கலாம்," என்று அனுப்பினாள். அன்று மழை. மாலை வகுப்பு முடிந்து சைக்கிளில் வந்தவளை ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போனது. மறுநாள் விடிந்த பிறகுதான் சாலையோரப் பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். கண்ணாடியின் ஒரு பாதி அவள் தலைமுடியில் சிக்கியிருந்தது. மறு பாதியை டிங்கரக்கா நான்கு நாள் அந்தச் சாலையில் குனிந்தபடி தேடினாள். கிடைக்கவில்லை. வண்டியும் கிடைக்கவில்லை. போலீஸில் ஒரு பக்கம் எழுதி மூடிவிட்டார்கள்.

மறு பாதி இப்போது கிடைத்துவிட்டது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட. கண்ணாடித் துண்டைக் கழுவித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். கேபினுக்குள் ஏறி, சீட் இல்லாத வெறும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தகரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். "பூச்சி, வாடி. உன்னை அடிச்சது இதுதான். வந்து நீயே பாரு. நீயே கேளு." மூன்று வாரம். தினமும் பட்டறையைப் பூட்டுவதற்கு முன் ஒரு தடவை. பிரார்த்தனை செய்கிறவர்கள்கூட அவ்வளவு தவறாமல் செய்யமாட்டார்கள்.

ஐந்தாம் நாளே அடையாளம் தெரிந்தது. பெயின்டர் அடித்துக் காயவிட்ட பிரைமரில், உள்பக்கமாக, ஒரு தீற்றல். நெற்றி ஒன்று, மூக்கு ஒன்று. யாரோ ஈரத் தகட்டில் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்த மாதிரி. பெயின்டர் திட்டிக்கொண்டே தேய்த்து மறுபடி அடித்தார். மறுநாள் இன்னொரு இடத்தில் இருந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம், புண்ணைச் சொறிந்தால் வருகிற சுகம் மாதிரி ஒன்று, ஊறி ஊறி வந்தது. வந்துவிட்டாள். என் பூச்சி வந்துவிட்டாள்.

டாக்டருக்கு ஓர் ஆசை இருந்தது. கேபினை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் உட்கார வைக்கும்போது முதல் போல்ட்டைத் தன் கையால் மாட்டவேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தார். வரட்டும் என்று டிங்கரக்கா இந்த நாளைக் குறித்தாள்.

பன்னிரண்டு மணிக்கு வேலையைத் தொடங்கினாள். தொங்கும் கேபினுக்குக் கீழே சேசிஸைத் தள்ளிக்கொண்டு வந்து சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாள். கேபின் உட்காரவேண்டிய நான்கு இடத்திலும் புது ரப்பர் வைத்தாள். கேபினைச் சேசிஸுக்கு ஒரு முழம் மேலே வரைக்கும் இறக்கி, இரண்டுக்கும் நடுவில் நான்கு மரக்கட்டைகளை நிறுத்தி, அவற்றின் மேல் பாரத்தை உட்கார வைத்தாள். அப்புறம் ஏணி போட்டு ஏறிச் செயின் பிளாக்கின் மூடியைக் கழற்றினாள். சங்கிலியை விட்டுவிட்டாலும் பாரம் இறங்காமல் பிடித்துக்கொள்வது உள்ளேயிருக்கிற பிரேக் தகடுதான். அதில் விரலால் கிரீஸ் தடவினாள். வெண்ணெய் தடவுகிற மாதிரி, ஓரம் விடாமல். மூடியைப் போட்டு முடுக்கினாள். இனிமேல் மரக்கட்டைகளை எடுத்துவிட்டால், கேபினைப் பிடித்துக்கொள்ள அவளுடைய இரண்டு கைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. கையை எடுத்தால் போதும். வயசானவர், உள்ளே தலையை விட்டார், சங்கிலி நழுவிவிட்டது. பட்டறையில் நடக்காததா?

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் முதலில் பொட்டு பொட்டாக, அப்புறம் ஒரே இரைச்சலாக, காதுக்குள் வேறெதையும் விடாமல் கொட்டியது. விளக்கு இரண்டு தடவை சிமிட்டி அணைந்தது. சாரலுக்காக இறக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே ஒரு முழ இடைவெளியில் வந்த வெளிச்சம், நனைந்த சாக்குத்துணி நிறத்தில் தரையோடு தரையாக ஊர்ந்தது. அந்த வெளிச்சத்தில் ஓட்டைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க, சேசிஸ் சட்டத்தின்மேல் மார்பைச் சாய்த்து, கேபினின் அடித்தகட்டுக்குக் கீழே தலையை நீட்டினாள். கிரீஸ் வாடை, புது ரப்பர் வாடை, ஈரத் தகர வாடை. இவற்றுக்கெல்லாம் அடியில் எலுமிச்சை மிட்டாய் வாடை. பூச்சி எந்நேரமும் கன்னத்தில் ஒன்றை அதக்கிக்கொண்டு இருப்பாள்.

கட்டைவிரல் பருமன் போல்ட் ஓட்டை. அதன் வழியாகக் கேபினின் உள்ளே பார்த்தாள். கறுப்பாக இருந்தது. இருட்டுதான் என்று நினைத்தாள்.

கறுப்பு இமைத்தது.

கண். ஓட்டையோடு ஒட்டி வைத்த கண். சுருங்கியது, இடுங்கியது, விரிந்தது. அவள் முகத்தின் மேல் ஊர்ந்தது. நெற்றி. மூக்கு. வாய்.

"நான்தான்டி," என்றாள் டிங்கரக்கா. "அக்காடி."

"ஓ, நீயா!" என்று வரவில்லை. கண் நகரவில்லை. அவள் யாரென்று அதற்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அது விரும்பவில்லை. கசாப்புக் கடையில் தொங்குகிறதை நாய் பார்க்குமே, அப்படிப் பார்த்தது. இது இல்லை என்று தீர்மானித்ததுபோல, அவசரமில்லாமல் ஓட்டையைவிட்டு விலகியது. தலைக்கு மேலே தகரத்தில் யாரோ தவழ்ந்து போகிற சத்தம். முழங்கால், உள்ளங்கை, முழங்கால்.

அவள் பின்னால் விழுந்து, சுவரில் முதுகு இடிக்கிறவரைக்கும் தரையில் தேய்த்துக்கொண்டே போனாள். மூன்று வாரமாக நெஞ்சில் ஊறிக்கொண்டிருந்தது சட்டென்று வற்றிப்போனது. அவள் கூப்பிட்டது தங்கையை. வந்திருப்பது தங்கையின் கண். ஆனால் தலை வாரிவிடச் சொல்லி மடியில் வந்து உட்கார்ந்த பிள்ளை அதில் இல்லை. ஒன்பது வருஷம் பள்ளத்து ஈரத்தில் கிடந்து கிடந்து, ஒரே ஒரு காரியத்தைத் தவிர மற்றதெல்லாம் அரித்துப்போய் மிஞ்சிய ஒன்று.

வேண்டாம். பிரேக்கைத் துடைத்துவிடலாம். டாக்டரை இன்னொரு நாள் வரச் சொல்லலாம். ஏணியைத் தூக்கக் கையை நீட்டினாள்.

ஷட்டர் கடகடவென்று மேலே போனது.

"என்னம்மா, இருட்டுல உக்காந்திருக்கே?"

டாக்டர். எழுபது வயது, மழைக்கோட்டில் சொட்டும் தண்ணீர், கையில் மடக்கிய குடை. பின்னால் ஒரு கார் திரும்பிப் போகிற வெளிச்சம். "மக கொண்டாந்து விட்டா. அவளுக்கு ஆஸ்பத்திரியில ஒரு ஆளைப் பாக்கணுமாம், அரைமணியில வந்துடுவா. அதுக்குள்ள முடிச்சிடலாமில்ல?" ஈரம் உள்ளே அடிக்கிறது என்று ஷட்டரை அவரே பாதிக்கு இறக்கினார்.

"இன்னைக்கு வேணாம் சார். கரன்ட் இல்ல. இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

"ஒரு போல்ட்டுக்குக் கரன்ட் எதுக்கும்மா? ஒண்ணே ஒண்ணு. மத்ததை நீ போட்டுக்கோ." கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். கேபினைச் சுற்றி வந்தார். மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த அந்தக் கூடு, அவர் போகிற பக்கமெல்லாம் மெல்ல முனகியது. மழையில் அவருக்குக் கேட்கவில்லை. உள்ளங்கையால் அதைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல. "தங்கமான வண்டிம்மா இது. எங்கப்பா காலத்துலேர்ந்து இன்னை வரைக்கும் ஒரு உசுருக்கு ஒரு கெடுதல் பண்ணினது இல்ல."

டிங்கரக்காவின் கை ஏணியிலிருந்து எடுபட்டது.

பயம் இருந்தது. போகவில்லை. ஆனால் அதன் மேல் வேறொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது. சட்டைப் பைக்குள் கண்ணாடித் துண்டு நெஞ்சில் குத்தியது. "சரி சார்," என்றாள். தன் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். "பின்பக்க மூலையில நில்லுங்க. சட்டத்து மேல சாஞ்சுக்கங்க. நான் சொல்றப்ப ஓட்டை வழியா போல்ட்டை மேல தள்ளுங்க."

சங்கிலியை இழுத்துப் பாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். காலால் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி விலக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கேபின் காற்றில் நின்றது. கிரீஸ் தடவிய பிரேக் வழுக்குவது சங்கிலி வழியாக உள்ளங்கைக்குத் தெரிந்தது. தூண்டிலில் மீன் இழுக்கிற மாதிரி சின்னச் சின்ன இழுப்பு.

டாக்டர் சட்டத்தின்மேல் மார்பைச் சாய்த்து, தலையையும் வலக்கையையும் கேபினுக்குக் கீழே நீட்டினார். இடக்கை வெளியே சட்டத்தைப் பிடித்திருந்தது.

"தெரியுதா சார், ஓட்டை?"

"தெரியுதும்மா. கொஞ்சம் இறக்கு."

இரண்டு கண்ணி விட்டாள். டக். டக்.

கேபின் அவர் பக்கம் சாய்ந்தது.

"ஏம்மா," என்றார் டாக்டர். "உள்ள யாரு?"

அவள் சங்கிலியை இறுக்கிப் பிடித்தாள்.

"உள்ள யாரோ இருக்காங்கம்மா. பாக்கறாங்க." சிரிக்கப் பார்த்த குரல். அப்புறம் சிரிப்பு நின்றது. மழை மட்டும். அப்புறம் மூச்சு, வேகமாக, வாயால் விடுகிற மூச்சு. "இல்ல," என்றார். "இல்ல, இல்ல. இது..."

"சைக்கிள்ல வந்த பொண்ணு," என்றாள் டிங்கரக்கா. "ஒன்பது வருஷம் ஆச்சு. மழை. ஞாபகம் வருதா சார்? நான் அவ அக்கா."

தகட்டுக்கு அடியிலிருந்து, யாரிடம் பேசுகிறார் என்று தெரியாதபடி, அந்தக் குரல் வந்தது.

"நான் ஓட்டல. என் பொண்ணு ஓட்டினா. பதினேழு வயசு. லைசென்ஸ் கிடையாது. டாக்டருக்குப் படிக்க இடம் கிடைச்சிருந்துது. நான்தான் பக்கத்துல உக்காந்து ஓட்டச் சொன்னேன்." மூச்சு. "இறங்கிப் பார்த்தேன். நாடி இருந்துது."

"என்ன?"

"உசுரு இருந்துதும்மா. அரைமணி நேரத்துல ஆஸ்பத்திரி. கொண்டுபோயிருந்தா பொழச்சிருப்பா. ஆனா கேள்வி வரும். யார் ஓட்டினதுன்னு வரும். நான் மணிக்கட்டைப் பிடிச்சுகிட்டு மழையில உக்காந்திருந்தேன். நாடி நிக்கற வரைக்கும். அவ என்னையே பாத்துகிட்டு இருந்தா. முகத்தைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னா, சரியாத் தெரியலேன்னு." குரல் உடைந்தது. "என் பொண்ணுக்குத் தெரியாது. அடிச்ச உடனே போயிட்டான்னு சொல்லி வண்டியை விட்டு இறங்கவிடல. அவளுக்கு இன்னை வரைக்கும் தெரியாதும்மா."

டிங்கரக்கா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை எடுத்தால் போதும். இப்போது எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். எடுக்கத்தான் நினைத்தாள். ஆனால் ஒரு நொடியில் முடிந்துபோகிற சாவு இந்த மனுஷனுக்குப் போதாது என்று பட்டது. இதை அவர் மகள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு, அப்புறம் அந்த வீட்டில் உயிரோடு இருக்கவேண்டும். பத்து வருஷம், இருபது வருஷம்.

"வெளிய வாங்க," என்றாள். "வந்து உங்க பொண்ணுகிட்ட இதைச் சொல்லுங்க."

"வரமுடியல."

"வாங்க சார்!"

"கையைப் பிடிச்சிருக்காம்மா."

சங்கிலி நகர்ந்தது.

டக்.

அவள் விடவில்லை. உடம்பின் மொத்தப் பாரத்தையும் போட்டுத் தொங்கினாள். கால் தரையைவிட்டுக் கிளம்பியது. டக். கேபின் விழவில்லை. விழுந்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். அது இறங்கியது. நிதானமாக. கண்ணி கண்ணியாக. வேலை தெரிந்த கை இறக்குவதுபோல. டக். "பூச்சி, வேணாம்டி!" டக். "போதும்டி, சொல்லிட்டாரு!" டக். முன்பக்க ரப்பர் நசுங்குகிற சத்தம். டக். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அது சொல்லாக வரவில்லை, காற்றாக வந்தது.

நின்றது.

கேபின் உட்கார்ந்துவிட்டது. மூன்று மூலையிலும் கச்சிதமாக, மயிரிழை பிசகாமல். நான்காவது மூலையில், தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில், டாக்டரின் நெஞ்சு. வெளியே அவருடைய இரண்டு கால்களும் ஓர் இடக்கையும். விரல்கள் விரிந்தன. மடங்கின. விரிந்தன.

தூக்கவேண்டும். இப்போதே. சங்கிலியின் மறு பக்கத்தைப் பிடித்தாள்.

வெளியே கார் நிற்கிற சத்தம். கதவு அடைக்கிற சத்தம். மழையில் ஓடி வருகிற செருப்பு.

"அப்பா? முடிஞ்சுதா?"

"உள்ள வராதீங்க!" என்று டிங்கரக்கா கத்தப் பார்த்தாள். வெறும் உதடுதான் அசைந்தது.

ஷட்டருக்குக் கீழே குனிந்து ஓர் இளம்பெண் வந்தாள். நனைந்த தலை, கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை. ஒரு கணம் நின்றாள். கால்களைப் பார்த்தாள். அவள் அலறவில்லை, பின்வாங்கவில்லை. நேராக ஓடி, கிரீஸும் தண்ணீரும் கலந்த தரையில் முழங்காலிட்டு, அப்பாவின் வெளியே கிடந்த மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு விரல். தலையைச் சாய்த்துக்கொண்டாள், மழைச் சத்தத்துக்கு மேலே எதையோ கேட்கிறவள்போல.

"நாடி இருக்கு!" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அக்கா, நாடி இருக்கு! தூக்குங்க! சங்கிலியை இழுங்க அக்கா!"

"இழுக்கறேன்மா," என்றாள் டிங்கரக்கா. "இழுக்கறேன்."

"நாடி இறங்குது. சீக்கிரம். அக்கா, சீக்கிரம்!"

"இழுக்கறேன்."

"அக்கா, ஏன் நிக்கறீங்க? ஏன் சும்மா நிக்கறீங்க?"

டிங்கரக்கா கீழே பார்த்தாள். சங்கிலியில் அவளுடைய கைகள் இருந்தன. கறுத்த, காய்த்துப்போன, கிரீஸ் அப்பிய கைகள். அவற்றின் மேல் இன்னும் இரண்டு கைகள் இருந்தன. மெலிந்தவை, வெளுத்தவை, தண்ணீரில் வெகுநாள் ஊறிச் சுருங்கியவை. அவை இழுத்துப் பிடிக்கவில்லை, நெரிக்கவில்லை. கூட்டமான சாலையைக் கடக்கும்போது ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ளுமே, அவ்வளவுதான் பிடித்திருந்தன. உதறினால் உதிர்ந்துவிடும். டிங்கரக்கா உதறவில்லை. தோளில் ஒரு மோவாய் வந்து பதிந்தது. ஈரம் சட்டைக்குள் இறங்கியது. கீழே டாக்டரின் மகள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள். காதோரத்தில், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒரு சன்னக் குரல், அந்தக் கிழவரின் துடிப்புகளை ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டிருந்தது.